போகிறவர் கையில் பேனா

விவாதத்துக்கு எங்களுக்குக் கிடைத்த தலைப்பு இதுதான்: "பதவிக்காலம் முடியப்போகும் ஜனாதிபதி, நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் வரும் வெற்றிடத்தை நிரப்பலாமா?" நாங்கள் ஐந்து பேர். எல்லாரும் கலைப்பீடம். மூன்று பேர் வெள்ளவத்தை, இரண்டு பேர் கொட்டாஞ்சேனை. சட்டம் படிக்கிற ஒருவரும் எங்களுக்குள் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையைச் சட்ட விளக்கமாக வாசிக்க வேண்டாம். தலைப்பு விவாதத்தோடு முடியாமல் ஒரு மாதமாக எங்களோட பஸ்ஸிலயும் கன்டீனிலயும் வந்துகொண்டே இருந்தது. அதைத்தான் எழுதுறம்.

முதலில் கிடைத்ததெல்லாம் அமெரிக்கக் கதை. 2016 பெப்ரவரியில் நீதியரசர் அன்டனின் ஸ்காலியா இறந்தார். ஒபாமாவுக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்தது. அவர் மெரிக் கார்லண்டின் பெயரைக் கொடுத்தார். "இது தேர்தல் வருடம், மக்கள் முடிவு செய்யட்டும்" என்று சொல்லி செனட் அந்தப் பெயரை எடுத்துப் பார்க்கவே இல்லை. நாலு வருடம் கழித்து, 2020 செப்டெம்பரில் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் இறந்தார். தேர்தலுக்கு ஆறு வாரங்கள்தான் இருந்தன. அதே கட்சி ஏமி கொனி பரட்டைத் தேர்தலுக்கு எட்டு நாட்களுக்கு முதல் உறுதிப்படுத்தியது. இன்னும் பின்னால் போனால், 1801இல் தோற்றுப்போய் வெளியேறிக்கொண்டிருந்த ஜோன் அடம்ஸ்தான் ஜோன் மார்ஷலைப் பிரதம நீதியரசராக்கினார். போகிறபோது வைத்த ஆள் 34 வருடம் இருந்தார். அந்த நாட்டின் நீதித்துறைக்கு உருவம் கொடுத்தவர் என்று இன்றைக்கு அவரைத்தான் சொல்கிறார்கள்.

விவாதத்துக்கு இது போதும். ஆனால் எங்களில் கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி கேட்டாள், "ஏன் டீ, எங்கட நாட்டில இப்பிடி ஒண்டும் நடக்கேல்லையா?" நடந்திருக்கிறது. அதுவும் அவளின் வீட்டுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்த எட்டாவது நாள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உட்பட மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 29இல், அதுவரை சட்டமா அதிபராக இருந்த ஜயந்த ஜயசூரிய பிரதம நீதியரசராகப் பதவிப்பிரமாணம் செய்தார். நியமித்தவர் மைத்திரிபால சிறிசேன. அவரின் ஐந்து வருடம் அடுத்த ஜனவரியோடு முடிகிறது. தேர்தல் அந்த வருடத்துக்குள்ளேயே வந்தாக வேண்டும். நவம்பர் 16இல் வந்த அந்தத் தேர்தலில் அவர் போட்டிகூடப் போடவில்லை. ஆனால் அவர் நியமித்த பிரதம நீதியரசர் 2024 ஒக்டோபர் வரைக்கும் இருந்தார். சிறிசேன போனார், கோட்டாபய வந்து போனார், ரணில் வந்து போனார், அநுர குமார வந்தார். நாலு ஜனாதிபதிகளின் காலத்தை அந்த ஒரு நியமனம் தொட்டது.

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சனல்களைப் பார்க்கிறவர்களுக்கு இதில் குழப்பம் வரும். இந்தியாவில் 'உயர் நீதிமன்றம்' என்றால் மாநில நீதிமன்றம், அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம். எங்களுக்கு உயர் நீதிமன்றம்தான் உச்சி. புதுக்கடையில் இருப்பது அதுதான். அதற்கு மேலே போக இடமில்லை. அதைவிட முக்கியமானது, அடிப்படை உரிமை மீறல் மனுவை நேரடியாக அங்கேதான் போட வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். அரசாங்கம் உங்களுக்கு ஏதும் செய்தால் முதல் கதவும் அதுதான், கடைசிக் கதவும் அதுதான்.

அந்தக் கதவின் பெறுமதி வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நல்லாத் தெரியும். 2007 ஜூன் 7 விடியப்புறம், இந்த இரண்டு இடங்களிலும் புறக்கோட்டையிலும் இருந்த லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது. 'கொழும்பில் நிற்கத் தகுந்த காரணமில்லை' என்றார்கள். அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் உடனே இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்தது. பஸ்கள் நின்றன. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பிக் கொண்டுவரப்பட்டார்கள். அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

நாங்கள் அப்போது மழலைகள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் கேட்டதுதான். எங்களில் ஒருத்தியின் பெரியம்மா அந்த நாட்களில் வெளிநாட்டு அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நின்றவ. அந்த உத்தரவு வந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் உடுப்பு பாக்கைக் கதவடியில்தான் வைத்திருந்தாவாம். "கோட் நிப்பாட்டிப் போட்டுது எண்டு எல்லாரும் சொன்னவை. ஆனா நான் பாக்கை அவிழ்க்கேல்ல பிள்ளை" என்று சொல்லுவா. நீதிமன்றம் பற்றி நாங்கள் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அது. உத்தரவு வந்தது, ஆனால் நம்பிக்கை அதோடு சேர்ந்து வரவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்றால், அந்த ஆசனங்களில் யார் இருக்கிறார் என்பது எங்களுக்குப் பரீட்சைக் கேள்வி இல்லை. 2007இல் பிரதம நீதியரசராக இருந்த சரத் என். சில்வா, 1999இல் சந்திரிகா குமாரதுங்கவால் நியமிக்கப்பட்டவர். சந்திரிகா 2005இலேயே போய்விட்டார். ஒரு ஜனாதிபதி வைத்த ஆட்களை அடுத்த ஜனாதிபதியின் காலத்தில்தான் சனம் சந்திக்கிறது. கிட்டத்தட்ட எல்லா நியமனமுமே ஒருவகையில் 'போகிறவர்' செய்த நியமனம்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். எங்களுக்குள் இரண்டு கட்சி.

'நிரப்பலாம்' என்ற கட்சியின் வாதம் லேசானது. ஐந்து வருடத்துக்கு ஆணை கொடுத்தால் ஐந்து வருடத்துக்கும்தான் கொடுத்தது. கடைசி ஆறு மாதத்துக்குப் பாதி ஜனாதிபதி என்று அரசியலமைப்பில் எங்கேயும் இல்லை. ஒரு ஆசனம் வெறுமையாகக் கிடந்தால் பாதிப்பு வழக்காளிக்குத்தான். காணி வழக்குக்காக எத்தனையோ தரம் தவணை போட்டு வந்து போகிறவருக்கு, கொழும்பில் யார் ஜனாதிபதி என்பது அடுத்த கவலை. இன்னொன்று, அமெரிக்காவில் தேர்தல் நவம்பரில், பதவியேற்பு ஜனவரியில். இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் தோற்றவர் நாற்காலியில் இருக்கிறார். எங்கட நாட்டில் அப்படி இல்லை. 2015இல் ஜனவரி 8 தேர்தல், 9 பதவியேற்பு. 2019இல் 16 தேர்தல், 18 பதவியேற்பு. 2024 செப்டெம்பரில் 21 தேர்தல், 23 பதவியேற்பு. தோற்ற பிறகு நியமனம் செய்ய இங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

'நிரப்பக்கூடாது' என்ற கட்சி இதையே திருப்பிப் பிடித்தது. தோற்ற பிறகு நேரமில்லை என்றால், செய்ய நினைக்கிறவர் தோற்க முதலே செய்துவிடுவார். அதனால் எங்கட நாட்டில் பார்க்க வேண்டிய காலம் தேர்தலுக்கு முந்திய மாதங்கள். போகும்போது ஒரு ஜனாதிபதி என்ன செய்வார் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2019 நவம்பரில், தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்க, றோயல் பார்க் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவருக்கு சிறிசேன பொதுமன்னிப்புக் கொடுத்தார். 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பு செல்லாது என்றது. மீண்டும் மக்கள் முன்னால் போகத் தேவையில்லாத ஒருவரின் பேனாவுக்குக் கணக்குக் கேட்கிறவர் இல்லை.

இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. அதனால் நடந்ததை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தோம்.

2018 ஒக்டோபர் 12இல் சிறிசேன நளின் பெரேராவைப் பிரதம நீதியரசராக நியமித்தார். சரியாக இரண்டு வாரத்தில், 26ஆம் திகதி, ரணிலைப் பதவிநீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். 13இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. டிசம்பர் 13இல், நளின் பெரேரா தலைமையில் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். நியமனக் கடிதத்தின் மை காயவில்லை, நியமித்தவர் பதவியில் இருந்துகொண்டே இருக்கிறார், அப்படியிருக்க அவருக்கு எதிராகத் தீர்ப்பு.

அடுத்தது 2019இல் நியமிக்கப்பட்ட ஜயந்த ஜயசூரியவின் காலம். 2023 ஜனவரி 12இல், அவர் தலைமையிலான ஏழு பேர் கொண்ட ஆயம், புலனாய்வுத் தகவல் முன்கூட்டியே வந்திருந்தும் உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. குண்டு வெடித்த அடுத்த வாரம் நியமித்தவரிடமே அந்தக் குண்டுக்கான நட்டஈடு. தவணை தவணையாகக் கட்டத் தொடங்கினார். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு கொட்டாஞ்சேனையில் ஒருவரும் வெடி கொளுத்தவில்லை. காசு கொடுத்துத் திரும்பி வருகிற ஆட்களா அவர்கள். ஆனால் ஒரு ஜனாதிபதி பெயர் சொல்லிப் பொறுப்பாக்கப்பட்டார் என்பது சின்ன விசயம் இல்லை. இந்த நாட்டில் எத்தனையோ சாவுகளுக்கு அந்த ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

அதே நீதிமன்றம், அதே ஆண்டு நவம்பர் 14இல், பொருளாதார நெருக்கடிக்கு மஹிந்தவும் கோட்டாபயவும் பசிலும் பொறுப்பு என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது.

இப்படிப் பார்த்தால் 'போகிறவர் வைத்த ஆள்' என்று பயப்படத் தேவையில்லை போல இருக்கும். ஆனால் அதே காலத்தில்தான், 2020 டிசம்பர் 1இல், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரிப்பதற்கு எதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்க மறுத்தது. காரணம் சொல்லப்படவில்லை. எங்களோட படிக்கிற முஸ்லிம் நண்பர்களுக்கு அந்த நாள் 2007 ஜூனின் மறுபக்கம். எங்களுக்குத் திறந்த கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அரசாங்கம் அடக்கம் செய்ய அனுமதிக்கும்வரை உடல்கள் எரிந்தன.

இதில் ஒரு விசயம் எங்களுக்கு உறுத்தியது. மேலே சொன்ன தீர்ப்புகளில் 2018ஐத் தவிர்த்துவிட்டுப் பாருங்கோ. 2023இல் சிறிசேன ஜனாதிபதி இல்லை. கோட்டாபய ஓடிப்போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆனால் 2020இல் கோட்டாபய உச்சத்தில் இருந்தார். ஒக்டோபரில்தான் 20ஆம் திருத்தம் நிறைவேறியிருந்தது. அது உயர் நீதிமன்ற நீதியரசர்களின் எண்ணிக்கையை 11இலிருந்து 17 ஆக்கியது. அரசியலமைப்புப் பேரவையை எடுத்துவிட்டு, கருத்து மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவையை வைத்தது. ஒரே தடவையில் ஆறு புதிய ஆசனங்கள். அதை நிரப்பியவர் போகிறவர் இல்லை, வந்து ஒரு வருடம் ஆனவர்.

2005ஐயும் இதோடு வைத்துப் பார்த்தோம். மூத்தவரான மார்க் பெர்னாண்டோவைத் தாண்டி சந்திரிகா பிரதம நீதியரசராக்கிய சரத் என். சில்வாவின் நீதிமன்றம்தான், 2005 ஓகஸ்டில், சந்திரிகாவின் காலம் அந்த வருடத்தோடு முடிகிறது என்றது. அவர் 2006 வரை இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதே தேர்தல் காலத்தில், வேட்பாளராக நின்ற மஹிந்தவுக்கு எதிரான 'ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை' விசாரணையை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்தத் தீர்ப்புக்காக சரத் என். சில்வாவே பிற்காலத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஆக, போகிறவருக்கு நன்றிக்கடன் செய்த நீதிமன்றத்தை எங்கட வரலாற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வருகிறவர் பக்கம், அல்லது நன்றாக ஊன்றி இருக்கிறவர் பக்கம் சாய்ந்ததைத் தேடத் தேவையில்லை. போகிறவரிடம் இனிக் கொடுக்க ஒன்றுமில்லைதானே. எங்கட ஊரில் சூரியன் உதிக்கிற பக்கம்தான் கும்பிடுவார்கள்.

அப்படியென்றால் நேரம் முக்கியமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதற்கு முதல் பூட்டு. 2013 ஜனவரியில் ஷிராணி பண்டாரநாயக்கவைக் குற்றப்பிரேரணை கொண்டுவந்து அகற்றிவிட்டு மஹிந்த மொஹான் பீரிஸை நியமித்தபோது, அவர் போகிறவராக இருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து எதிர்பாராமல்தான் போனார். ஆனால் அப்போது 18ஆம் திருத்தம் இருந்தது. 'இல்லை' என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவரும் எதிரில் இல்லை. அதன் விலையை 2015இல் கட்டினோம். புதிய ஜனாதிபதி, மொஹான் பீரிஸின் நியமனம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஒரு கடிதத்தால் முடித்தார். ஷிராணி ஜனவரி 28இல் திரும்பி வந்து ஒரு நாள் இருந்து 29இல் ஓய்வுபெற்றார். 30இல் கே. சிறிபவன் வந்தார். ஹேர்பேர்ட் தம்பையாவுக்குப் பிறகு தமிழர் ஒருவர் பிரதம நீதியரசர். எங்கட வீடுகளில் அன்றைக்குச் சந்தோசம்தான். ஆனால் இப்போது யோசித்தால், அவர் வந்த பாதையில் ஒரு பிரதம நீதியரசர் கடிதத்தால் போக்காட்டப்பட்டிருக்கிறார். முறையில்லாமல் வைத்தால் முறையில்லாமல் எடுக்கலாம் என்று அடுத்தவருக்குத் துணிவு வரும்.

2018இலும் 2019இலும் சிறிசேன தனியாக நியமிக்கவில்லை. 19ஆம் திருத்தம் 2015இல் கொண்டுவந்த அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டியிருந்தது. பத்துப் பேர்: சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், வேறு நாலு எம்.பி.மார், அரசியலுக்கு வெளியே இருந்து மூன்று பேர். 2022இல் 21ஆம் திருத்தம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2024 ஜூனில் அது வேலை செய்வதைப் பார்த்தோம். சட்டமா அதிபர் சஞ்சய் ராஜரட்ணத்தின் சேவையை ஆறு மாதம் நீடிக்க ரணில் கேட்டார். தேர்தலைத் தாண்டிப் போகிற ஆறு மாதம். பேரவை மறுத்தது. அவ்வளவுதான், முடிந்தது. பூட்டுக்குக் கள்ளச்சாவியும் உண்டு என்பதும் அதே வருடம் தெரிந்தது. தேசபந்து தென்னகோனைப் பொலிஸ் மா அதிபராக்க நாலு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. ஐந்து வாக்கு வேண்டிய இடத்தில் சபாநாயகர் தன்னுடையதைச் சேர்த்து 'நிறைவேறியது' என்றார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரைப் பதவியில் செயற்படவிடாமல் தடுத்தது.

ஆகவே எங்கட முடிவு, இரண்டு கட்சியையும் சேர்த்துச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்வதில்லை, இதுதான்:

உயர் நீதிமன்றத்தின் சாதாரண ஆசனங்களைப் போகிறவர் நிரப்பலாம். ஏனென்றால் அந்த வெற்றிடங்கள் திடீரென்று வருவதில்லை. நீதியரசர்கள் 65இல் ஓய்வுபெற வேண்டும். பிறந்த திகதி தெரிந்தால் வெற்றிடத்தின் திகதி தெரியும். பெயரைப் பேரவைக்கு மாதங்களுக்கு முதலே அனுப்பினால், கடைசி நேரக் கையெழுத்து என்ற பேச்சே வராது. கடைசி நேரத்தில்தான் பெயர் வருகிறதென்றால் அதுவே ஒரு சாட்சி.

பிரதம நீதியரசரின் கதிரை வேறு. எந்த வழக்குக்கு எந்த நீதியரசர்கள் அமர்வது என்று தீர்மானிப்பது அந்தக் கதிரை. நீதிச்சேவை ஆணைக்குழுவின் தலைமையும் அதற்குத்தான். அதாவது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு நீதவான் இடமாற்றப்படுவதிலும் அதன் கை இருக்கும். தேர்தல் அறிவித்ததிலிருந்து புதியவர் பதவியேற்கும்வரை அந்தக் கதிரையை நிரந்தரமாக நிரப்பக்கூடாது. மூத்தவர் ஒருவரைப் பதிலுக்கு வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. 2024 ஒக்டோபரில் ஜயந்த ஜயசூரிய ஓய்வுபெற்றபோது முர்து பெர்னாண்டோ பதில் பிரதம நீதியரசரானார். டிசம்பர் 2இல்தான் நிரந்தரமானார். நடுவில் பொதுத் தேர்தலே நடந்தது. நீதிமன்றம் நடந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்குப் புதிய ஜனாதிபதி செய்ததைப் போகிற ஜனாதிபதிக்கு விதியாக்கினால் போதும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான் தாண்டுவோம். போகிற ஜனாதிபதியைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், போகிற நீதியரசரை ஒருவரும் பார்ப்பதில்லை. எங்கட அரசியலமைப்பின்படி உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நிரந்தர நீதியரசராக இருந்த ஒருவர், ஓய்வுக்குப் பிறகு சட்டத்தரணியாக வழக்குப் பேச வேண்டுமென்றால் ஜனாதிபதியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 65 வயதில், திறமையோடு, இன்னும் பத்து வருடம் வேலை செய்யக்கூடிய ஒருவருக்கு, அடுத்த வாசல் ஜனாதிபதியின் கையில். மொஹான் பீரிஸ் பிறகு கோட்டாபயவின் காலத்தில் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான நிரந்தரப் பிரதிநிதியானார். ஜயந்த ஜயசூரியவும் 2025இல், இப்போதைய அரசாங்கத்தின் கீழ், அதே பதவிக்குப் போனார். பக்கத்து நாட்டிலும் இதே கதை. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து இந்தியாவின் தலைமை நீதிபதியான சதாசிவம், 2014 ஏப்ரலில் ஓய்வுபெற்று செப்டெம்பரில் கேரள ஆளுநரானார். ரஞ்சன் கோகோய் ஓய்வுபெற்று நாலு மாதத்தில் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டார்.

இவர்களில் ஒருவரும் பதவியை எதிர்பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு எங்களிடம் ஆதாரமும் இல்லை. பிரச்சினை வேறு. வவுனியா பஸ்ஸைக் கண்ட ஒரு தலைமுறைக்கு, ஜனாஸா எரிப்பைக் கண்ட ஒரு சமூகத்துக்கு, சந்தேகப்படத் தனியாக ஆதாரம் தேவையில்லை. அவர்களின் நம்பிக்கையை வாங்க வேண்டியது நீதிமன்றத்தின் பொறுப்பு. உத்தரவு வந்த பிறகும் பாக்கை அவிழ்க்காத பெரியம்மாவைப் பார்த்து 'நம்புங்கோ' என்று சொன்னால் காணாது. ஓய்வுபெற்று மூன்று வருடத்துக்காவது அரசாங்கப் பதவி எதுவும் ஏற்கக்கூடாது, அதற்கு ஈடாக ஓய்வூதியம் கௌரவமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சட்டத்தில் இருந்தால், கேள்வி பாதி குறைந்துவிடும்.

விவாதத்தில் ஒருவர் எங்களைக் கேட்டார், "பேரவையில இருக்கிறவையும் அரசியல்வாதிகள்தானே, அவையை எப்பிடி நம்புறது?" நியாயமான கேள்வி. பத்தில் ஏழு பேர் எம்.பி.மார். அதனால் நம்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிடச் சொல்லித்தான் கேட்கிறோம். இப்போது எங்களுக்குக் கிடைப்பது 'அங்கீகாரம் வழங்கப்பட்டது' என்ற ஒரு வரிச் செய்தி. யாருடைய பெயர் போனது, ஏன் ஏற்றார்கள், ஏன் மறுத்தார்கள் என்று மூன்று மொழியிலும் நாலு பந்தி எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்? கிராம சேவகர் கடிதம் ஒன்று எடுக்கவே எங்களிடம் காரணம் கேட்கிறார்கள்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். அப்போது இந்தத் தலைப்பு திரும்ப வரும், ஆனால் அமெரிக்காவிலிருந்து வராது. யார் போகப்போகிறார், யார் வரப்போகிறார் என்று அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கும். தன் ஆள் போகிறதென்றால் 'நிரப்பலாம்' என்பார்கள், மற்ற ஆள் போகிறதென்றால் 'கூடாது' என்பார்கள். அமெரிக்காவில் 2016க்கும் 2020க்கும் நடுவில் நடந்தது அதுதான். விதியை எழுத வேண்டுமென்றால், யாருக்கு லாபம் என்று தெரியாத இந்த நேரத்திலேயே எழுத வேண்டும்.

அதுவரைக்கும் எங்களால் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இப்போது இருக்கிற நீதியரசர்கள் யார் யார், யார் எப்போது 65ஐத் தொடுகிறார், அவர்களை நியமித்தது யார் என்று தமிழில் ஒரு பட்டியல் போடப்போகிறோம். ஐந்து பேருக்கும் வேலை பிரித்தாயிற்று. சட்டபீட நண்பர்கள் யாராவது வாசித்தால், பிழை திருத்த வாங்கோ.